இல்லை என்று சொல்லாத வீடு

அலர்மேல்மங்கையின் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்பார்கள். விளக்கை அணைக்க மாட்டார்கள், ‘அமர’ வைப்பார்கள். ‘இல்லை’ என்ற சொல்லை மட்டும் யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால், தலைக்கு மேலே சுற்றுகிற தேவதை ‘ததாஸ்து’, அதாவது அப்படியே ஆகட்டும், என்று சொல்லிவிடுமாம். அப்புறம் வாழ்நாளெல்லாம் இல்லைதான். அவள் அப்பா அனந்தபத்மநாபன் திருவள்ளூர்க் கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்கிறவர். ஊருக்கே பொங்கிப் போடுகிற கை, தன் வீட்டுப் பானையைப் பற்றி உண்மை பேசாது.

எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. திருவள்ளூரில் மாமா வீட்டில் தங்கி டைப் அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். கூடக் கற்றுக்கொண்ட அலமுவை, அதான் அலர்மேல்மங்கையை, கூப்பிடப் போனால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலிருக்கிற ரேழி வரைக்கும்தான் எனக்குப் பாத்தியதை. ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது அவள் அம்மா உள்ளே யாரிடமோ அரிசி நிறைந்திருக்கிறது என்று சொன்னது காதில் விழுந்தது. “எங்க ஊட்டுல இந்த வருசம் தண்ணியில்லாம வெளச்சலே போச்சு மாமி. உங்க ஊட்டுலயாவது நெறஞ்சிருக்கே, சந்தோசம்” என்றேன். மாமியின் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை அலமு சிரித்துக்கொண்டே வந்தாள். பிறகுதான் அர்த்தம் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

எங்கள் இன்ஸ்டிட்யூட்டை நடத்தியவர் துளசிராமன். டைப் அடிப்பதோடு வியாபாரக் கடிதமும் எழுதத் தெரிந்தால்தான் ஃபேக்டரியில் எடுப்பார்கள் என்று, தினம் ஒரு விஷயத்தைத் தமிழில் சொல்லி இங்கிலீஷில் எழுதச் சொல்வார். அலமுவின் இங்கிலீஷ் எங்கள் எல்லோருடையதையும்விட நன்றாக இருக்கும். ஆனால் சரக்கு வரவில்லை, பதில் வரவில்லை என்று எழுத வேண்டிய இடத்தில் மட்டும் கை நழுவும். ‘தங்கள் சரக்கை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்’ என்று எழுதுவாள். ‘தங்கள் பதில் எங்களுக்கு மகிழ்ச்சி தரும்’ என்பாள். படித்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்.

துளசிராமன் ஒருநாள் தாளைத் தூக்கிப் பிடித்து, “இன்னாம்மா இது? சரக்கு வந்துச்சா, வர்லியா? வர்லன்னா வர்லன்னு சொல்லு. நீ சொல்லலன்னா வந்துட்ச்சின்னுதான் அவன் நெனச்சிப்பான்” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் அவளை உலுக்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் தனக்கு உண்மையான ‘நாட்’டுகளைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள். ஐ ஹேவ் நாட் ஸீன் த ஸீ. கடலைப் பார்த்ததில்லை. ஐ ஹேவ் நாட் டிராவல்ட் அலோன். தனியாக எங்கேயும் போனதில்லை. தமிழில் வராத சொல் இங்கிலீஷில் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டேன்.

“தேவதைக்கு இங்கிலீஷ் தெரியாதுடி பூவம்மா” என்றாள்.

எழுபத்து நாலாம் வருஷம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் முளைக்க ஆரம்பித்திருந்தன. ஒரு இரும்புக் கம்பி ஆலையில் டைப்பிஸ்ட் வேலைக்கு நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பரீட்சை எழுதினோம். எனக்குக் கிடைக்கவில்லை, அவளுக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று உத்தரவில் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் அவள் அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது.

சனியன் வேறு பக்கமிருந்து வந்தது. திருநின்றவூரில் பராசரன் என்று ஒருவர், மகன் யதிராஜனுக்கு அலமுவைக் கேட்டிருந்தார். பையன் மெட்ராஸில் உத்தியோகம், நல்ல பையன்தான். ஆனால் வேலைக்குப் போகிற மாட்டுப்பெண் வேண்டாம் என்பது அவர்கள் கட்டளை. அலமு அப்பாவிடம் தெளிவாகவே சொல்லிவிட்டாள், வேலைதான் வேண்டும், இந்த இடம் வேண்டாம் என்று. அவரும் தலையாட்டிவிட்டுத் திருநின்றவூருக்கு ரயிலேறினார். அங்கே போய் என்ன சொன்னார் தெரியுமா? ‘எல்லாம் பெருமாள் திருவுள்ளம்.’ அவர் வீட்டு அகராதியில் அதற்கு அர்த்தம் மாட்டேன். பராசரன் வீட்டு அகராதியில் சரி. வெள்ளிக்கிழமை காலையில் பராசரன், நிச்சயத்துக்கு நாள் குறித்துக்கொண்டு, பூவும் பழமும் தாம்பாளமுமாக வந்து இறங்கிவிட்டார்.

நான் அப்போது ரேழியில்தான் இருந்தேன். பஸ் விவரம் சொல்ல வந்திருந்தேன். இங்கிருந்து ஊத்துக்கோட்டை, அங்கே மாறிக் கும்மிடிப்பூண்டி. கூடத்தில் தாம்பாளத்தை வைத்த சத்தம் கேட்டது. பெண் வேலைக்கு எழுதிப்போட்டதாகக் கேள்விப்பட்டேன், அதை நிறுத்திவிடலாமே என்று பராசரன் இதமாகத்தான் சொன்னார். அனந்தபத்மநாபனிடமிருந்து சத்தமே இல்லை. மாமி காப்பி கலக்கப் போய்விட்டாள். இப்படித்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிவாகிறது, யாரும் ஒன்றும் சொல்லாமலேயே. எனக்கு எழுந்து போய்க் கத்த வேண்டும்போல் இருந்தது. பாத்தியதை ரேழி வரைக்கும்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அலமு கூடத்துக்கு வந்து நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் அவளிடம் இருந்தது, எனக்குத் தெரியும். ஐ ஹேவ் நாட் கிவன் மை கன்ஸென்ட். இங்கிலீஷில்தான் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“மாமா, நான் சம்மதிக்கலை. எனக்கு இதில் இஷ்டம் இல்லை” என்றாள், சுத்தத் தமிழில்.

உள்ளே டம்ளர் உருண்டது. பராசரன் அவளைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்து, “என்ன ஸ்வாமி இது? வாக்குக் கொடுத்தேளே?” என்றார்.

கதவிடுக்கு வழியாக அனந்தபத்மநாபனின் கைகள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அடுப்படியில் வெந்து காய்த்துப்போன கைகள். அங்கவஸ்திர நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. பெருமாள் திருவுள்ளம் என்று மறுபடியும் சொன்னாரானால் எல்லாம் தீர்ந்தது. முறுக்குவது நின்றது.

“இல்லை” என்றார். மறுபடி சொன்னார். “இல்லை ஸ்வாமி. நான் வாக்குக் குடுக்கலை.”

பராசரன் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டித்தான் வெளியே போனார். கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று சரிசெய்து போனார். அவர் தலை மறைந்ததும் மாமி அழுதுகொண்டே வந்தாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அப்பாவும் பெண்ணும் வாய்க்கு வாய் சொல்லிவிட்டார்களே, தேவதை ததாஸ்து சொல்லிவிடுமே என்று புலம்பினாள்.

“சொல்லட்டுமே” என்றார் அனந்தபத்மநாபன். “இந்தக் கல்யாணம் இல்லைன்னுதானே சொன்னோம். அப்படியே ஆகட்டும்.”

அலமு சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். ரேழியில் நானும் அழுதேன், யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஸ்டாண்டுக்கு அவரே வந்தார், தயிர்சாதத் தூக்கோடு. ஆலையில் அவளுக்கு முதல் நாள் கொடுத்த கடிதமே வராத சரக்குக்கு எழுதும் நினைவூட்டல்தானாம். ஒரே மூச்சில் அடித்துக் கொடுத்தாளாம். அதற்கப்புறம் அந்த வீட்டில் அப்பாவும் பெண்ணும் இல்லை என்பதைத் தாராளமாகவே புழங்கினார்கள். மாமி மட்டும் கடைசிவரை மாறவில்லை. அரிசி நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்வாள். அலமுவின் சம்பளம் வர ஆரம்பித்த பிறகு, நிஜமாகவே நிறைந்திருந்த பானையைப் பார்த்தும் அதையே சொன்னாள்.