கழற்றாத மைக்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு போன். தங்கச்சிமடத்திலிருந்து ஜெசிந்தா.

"சார், வியாழக்கெழம காலையில ஆறு மணிக்குப் பூசை வச்சிருக்கோம்... அவுகளுக்கு. வாரீகளா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுகிறவர்களிடம் ஏதாவது பதில் பேசலாம். அழைக்கிறவர்களிடம் என்ன பேசுவது?

'வாரேம்மா' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.  அந்தப் பூசை நடப்பதற்குக் காரணமே நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன், நானே சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு, மழை விட்டிருந்த நேரம். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் விஸ்காம் இறுதியாண்டு மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆவணப்படம் எடுக்கப் போகிறார்கள், 'கொஞ்சம் கூட இருந்து வழிகாட்டுங்க சார்' என்று அவர்களுடைய துறைத்தலைவர் கேட்டார். வாரா வாரம் பத்தி எழுதுகிறவனிடம் 'வழிகாட்டுங்க' என்று சொன்னால் போதும்... வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். நானும் கிளம்பினேன்.

முதல் வகுப்பிலேயே ஒரு பொன்மொழி உதிர்த்தேன். "கேமராவை ஆஃப் பண்ணின பிறகுதான் மனுஷன் உண்மையைப் பேச ஆரம்பிப்பான். அதனால மைக்கை மட்டும் அவசரப்பட்டுக் கழற்றாதீங்க!"

ஐந்து பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

படத்தின் விஷயம் — கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள். ஜெசிந்தாவின் கணவர் நான்கு வருடங்களுக்கு முன்பு நாட்டுப்படகில் போனவர். ஆளும் வரவில்லை, படகின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஜெயிலில் இருக்கிறான் என்று நம்பியிருந்தார் மாமனார் சூசை. மாதா மாதம் கோயிலில் காசு கட்டி, 'மகன் நல்லபடியாக வீடு திரும்ப' என்று பூசைக்கு எழுதிக்கொடுப்பார். அதைப் பாதர் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார்.

பேட்டி நடந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சூசை.

"வருவாக சார். எந்தக் கரையிலயாச்சும் உசுரோட இருப்பாக. எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார் ஜெசிந்தா. சூசை தலையாட்டினார். நான்கு வருடங்களாக வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகள் என்று எனக்குத் தோன்றியது. படம் தேறாது என்றும் தோன்றியது.

பேட்டி முடிந்தது. கேமராக்காரப் பையன்களுக்குக் கரையைக் காட்ட சூசை கூட்டிக்கொண்டு போனார். ஜெசிந்தா டீ போட அடுப்படிக்குப் போனார் — சேலையில் மாட்டிய, வயரில்லாத காலர் மைக்கோடு. சவுண்டு பார்த்துக்கொண்டிருந்த நஸ்ரின் அதைக் கழற்றுவதற்காக எழுந்தாள். கீழக்கரைப் பெண், வேலையில் படு சுத்தம்.

நான் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னேன்.

இந்தக் கதையில் நான் செய்த காரியம் அது ஒன்றுதான். அது போதாதா?

கொஞ்ச நேரத்தில் நஸ்ரின் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டாள்.  நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். அடுப்படியில் ஜெசிந்தாவும் அவர் தங்கையும்.

"நெசமாவே வருவாகன்னு நெனைக்கிறியாக்கா?"

"எங்கிட்டு வர... கல்லறைத் திருநாளுக்கு நாலு வருசமா அவுகளுக்கு மெழுகுவர்த்தி கொளுத்திக்கிட்டுத்தான இருக்கேன். ஓரமா ஒரு கல்லறை கெடக்குல்ல, பேரு அழிஞ்சு, கேக்க நாதியில்லாம... அங்கனதான் வைப்பேன். மாமாட்ட சொல்லிராத. அவரு தாங்க மாட்டாரு."

கல்லறைத் திருநாள் அன்று அந்த ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, செத்தவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். உடல் கிடைக்காதவருக்குக் கல்லறை ஏது? செத்தார் என்று வீட்டில் ஒப்புக்கொள்ளாதவருக்கு மெழுகுவர்த்தி ஏது? அதனால் யாரோ ஒருவருடைய கல்லறையைக் கணவருக்காக இரவல் வாங்கியிருந்தார் ஜெசிந்தா. யாருக்கும் தெரியாமல்.

எனக்குப் புல்லரித்தது. இரக்கத்தால் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக் கூடாது... 'படம் கிடைச்சாச்சு' என்ற சந்தோஷத்தில் புல்லரித்தது.

திரும்பும்போது, வேன் பாம்பன் பாலத்தில் ஏறியதுமே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"இது இல்லேன்னா நம்ம படம் வெறும் நியூஸ் கிளிப்புதான் சார். அதான் கையெழுத்து வாங்கியிருக்கோம்ல?" என்றான் கார்த்தி. அவன்தான் டைரக்டர். நயினார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. இந்தப் படத்தை வைத்துத்தான் மேலே ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அவனுக்கு.

"அது பேட்டிக்கு வாங்குன கையெழுத்து. இது அவங்க தங்கச்சிக்கிட்ட சொன்னது" என்றாள் நஸ்ரின். "எங்க வீட்ல இத அமானிதம்னு சொல்வாங்க. நம்பி விட்டுட்டுப் போன பொருள் மாதிரி. நம்ம கையில இருக்குங்கறதுக்காக நம்மளுதா ஆயிருமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழிகாட்டி அல்லவா!

"எடிட்டிங்ல வச்சுப் பாப்போம்" என்றேன்.

கோழைகளுக்கென்றே செய்துவைத்த வாக்கியம் அது. வேண்டாம் என்று சொல்லாமல், வேண்டும் என்றும் சொல்லாமல் வேலையை முடித்துக் கொடுக்கும். ஓட்டெடுப்பு நடந்தது. நாலுக்கு ஒன்று.

படத்தின் கடைசி இரண்டு நிமிடம், கார்த்தி இன்னொரு நாள் போய் எடுத்துவந்த அந்தப் பெயர் அழிந்த கல்லறைதான். மேலே ஜெசிந்தாவின் குரல். கல்லூரி அரங்கத்தில் போட்டபோது ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. அப்புறம் கைதட்டல்... நிறுத்த வெகுநேரம் ஆனது. கார்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள். பெயர்ப் பட்டியலில் நஸ்ரின் பெயர் இல்லை, அவளே எடுக்கச் சொல்லிவிட்டாளாம். 'சின்னப்பிள்ளைத்தனம்' என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெசிந்தாவுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினோமா? பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நஸ்ரினுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அவள் பேச்சைத்தான் நாங்கள் ஏற்கெனவே ஓட்டுப் போட்டு மூடிவிட்டோமே!

படத்தை யூடியூபில் ஏற்றினார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, அங்கிருந்து தங்கச்சிமடத்து வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டுப் போனில் சூசை பார்த்தார். கல்லூரியில் விஷயம் தெரிந்து வீடியோவை நீக்கிவிட்டார்கள். நீக்கி என்ன?

சூசை சத்தம் போடவில்லையாம். கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாராம். மறுநாள் காலையில் கோயிலுக்குப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "வியாழக்கெழம பூசை. ஆன்மா இளைப்பாறன்னு எழுதச் சொல்லிட்டேன். நீ ஒத்தையில கொளுத்துனது போதும் தாயி."

வியாழக்கிழமை போனேன். நஸ்ரினும் வந்தாள். கார்த்தியும் வந்தான், ஆனால் கோயிலுக்குள் வரவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். பாதர் பெயரை வாசித்தபோது சூசை முழந்தாளில் இருந்தார். எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். என் அழுகை யாருக்கு வேண்டும்?

வெளியே வந்து ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"இனிமே மறைக்கவேண்டியதில்ல, நல்லதுக்குத்தான்னு எல்லாரும் சொல்றாக சார்" என்றார். சூசை நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். "மாமா நம்பிக்கிட்டு இருந்தாரு. அந்தத் தெம்புலதான் நான் நம்பாம இருந்தேன். இப்ப அவுகளுக்காகக் காத்துக்கிட்டிருக்க வீட்ல ஒரு ஆளு இல்ல."

 

இந்தப் பத்தியை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் தங்கச்சிமடத்துக்குப் போய் ஜெசிந்தாவிடமும் சூசையிடமும் முழுக்க வாசித்துக் காட்டினேன். பெயர்களை மாற்றச் சொன்னார்கள். மாற்றியிருக்கிறேன். ஜெசிந்தா ஒரு வரியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். அது என்ன வரி என்று நீங்களும் கேட்காதீர்கள்.

அன்றைக்குப் பூசை முடிந்து பஸ்ஸில் வரும்போது, நஸ்ரின் பையில் கிடந்த அந்த மைக்கை வாங்கிப் பார்த்தேன். அணைக்கிற ஸ்விட்ச் பக்கவாட்டில் இருக்கிறது, சுண்டுவிரல் நகமளவுக்கு... அதை மட்டும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை.