என் மனுவும் என் தட்டும்

சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குச் சொத்து வரியில் கொடுத்துவந்த சலுகை மார்ச்சோடு முடிகிறது என்று நோட்டீஸ் வந்தது. எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு மூன்று மனு எழுதினேன். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மனு எழுதத் தெரியும். ஒன்றுக்கும் பதில் இல்லை. வரி கட்ட வழியில்லாமல் எழுதவில்லை, பென்ஷன் வருகிறது. கணவர் போன பிறகு இந்த வீட்டில் நான் என்ன பேசினாலும் பதில் சொல்ல ஆளில்லை. மனுவுக்காவது ஒரு பதில் வரும் என்று நினைத்தேன், அசட்டுத்தனம்தான்.

தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் புலம்பியிருந்தேன். தேர்தல் வந்ததும் எம்.எல்.ஏ.வை எதிர்த்து நிற்கிற வேட்பாளர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், அந்த மனு நகல் இருந்தா குடுங்க. இத நான் விடப்போறதில்ல" என்றார்.

கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே, ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டார். எவ்வளவு நாளாயிற்று ஒருவர் என் எதிரே உட்கார்ந்து கேட்டு! அவர் போன பிறகும் அந்த டம்ளரைச் சாயங்காலம் வரை கழுவவில்லை.

அவர் ஓட்டுக் கேட்டு வந்த அன்று எங்கள் தெருப் பெண்கள் உளுந்து பிடுங்கப் போகவில்லை. ஆரத்தி எடுத்தால் தட்டில் பணம் விழும். எதிர் வீட்டுப் பெண் என் பித்தளைத் தட்டை இரவல் கேட்டு வந்தாள். புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நானும் வாசலுக்கு வந்தேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க கொஞ்சம் உள்ள இருங்க டீச்சர். நல்ல காரியமா வர்றாரு. தப்பா நெனைச்சுக்காதீங்க."

அவளுக்கு அ, ஆ எழுதக் கை பிடித்தவள் நான். தப்பாகத்தான் நினைத்தேன். ஆனாலும் உள்ளே போய்விட்டேன்.

ஜன்னல் வழியாக மைக் சத்தம் கேட்டது. "வரிச் சலுகை முடியப்போவுது. நம்ம எம்.எல்.ஏ. சட்டசபையில ஒரு தடவ வாயத் தொறந்தாரா? இந்தத் தெருவுல தனியா இருக்கற ஒரு அம்மா மூணு மனு போட்டிருக்காங்க. ஒரு பதில் உண்டா?" அடுத்து மனுவிலிருந்த காரணங்களை அடுக்கினார். அத்தனையும் என் வாக்கியங்கள், நான் எழுதிய வரிசையிலேயே வந்தன. பிறகு, "எங்க அந்த அம்மா?" என்று கேட்டார்.

"உள்ள வேலையா இருக்காங்க" என்றாள் எதிர் வீட்டுப் பெண்.

வேன் நகர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தட்டு சிவப்புக் கறையோடு திரும்பி வந்தது.

அடுத்த வாரம் எம்.எல்.ஏ.வே வருவதாகச் சொன்னார்கள். சலுகையை நீட்டிக்கப் போராடுவேன் என்று மற்ற தெருக்களில் பேசிவிட்டு வருகிறாராம். இவருக்கும் அதே பெண்கள்தான் ஆரத்தி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கு அது ஒரு நாள் கூலி. எதிர் வீட்டுப் பெண் மறுபடி தட்டுக்கு வந்தாள்.

"தட்டு தரேன். நானும் வந்து நிப்பேன்" என்றேன்.

என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். "பரவால்ல டீச்சர், வேற எடத்துல வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தட்டோடு வாசலில் தனியாக நின்றேன். வேன் நின்றால் மூன்று மனுவைப் பற்றியும் கேட்டுவிடுவது என்று இருந்தேன். எம்.எல்.ஏ. பொதுவாகக் கும்பிட்டுக்கொண்டே என்னைக் கடந்து, நான்கு வீடு தள்ளிப் பெண்கள் கூட்டமாக நின்ற இடத்தில் இறங்கினார்.

கரைத்ததை யாருக்கும் சுற்றாமல் கொட்ட மனம் வரவில்லை. உள்ளே வந்து கணவரின் காலி நாற்காலிக்கு மூன்று முறை சுற்றினேன். பிறகு வாசலில் கொண்டுபோய் ஊற்றினேன். அவர் இருந்திருந்தால் என்னை யாரும் உள்ளே இருக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.