ஒரே ஒரு 'சரி'

நெல்வா தித்துவான்யா தித்துவான்யா என்று முழுப் பெயரைச் சொன்னால் யாராவது கேட்காமல் விடமாட்டார்கள்: "என்னம்மா, ரெண்டு தடவை வருது?" அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்கும் ஊர் அது. "அப்பாவும் அதே வம்சந்தான், தூரத்துச் சொந்தம்" என்று நெல்வா நாற்பது வருஷமாகக் கூசாமல் புளுகிவந்தாள். அப்பா என்று யாரும் வந்ததே இல்லை. பள்ளியில் சேர்த்தபோது அவள் அம்மா வாத்தியாரிடம் சொன்னது இதுதான்: "என் பேரையே ரெண்டு தடவை எழுதுங்க. ரெண்டு பேர் சுமையையும் நாந்தானே சுமக்கிறேன்."

ரியோபம்பா நகரத்துக்கு மேலே, மலையிலுள்ள சுகாதார நிலையத்தில் நோயாளிகளைக் கணினியில் பதிவது நெல்வாவின் வேலை. அப்பா பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அது 'பிழை 3314' என்று குரைத்துவிட்டு நின்றுவிடும். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் தாங்கள்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக விழிப்பார்கள். அந்தக் கணினிப் படிவங்களைச் செய்யும் மார்லோனை அவள்தான் நச்சரித்தாள்.

"மனுஷங்க பேசற மாதிரி ஏதாவது எழுதேன்டா."

"நீயே சொல்லு, என்ன எழுதறது?"

பதினோரு வருஷம் ஒரே மேஜையில் அவித்த சோளத்தைப் பகிர்ந்து தின்ற சிநேகம். அந்த நம்பிக்கையில் அம்மா சொன்னதைச் சொல்லி அழுதேவிட்டாள். "உன்னோட இருக்கட்டும்" என்றாள். "சத்தியமா" என்றான் பாவி.

திங்கட்கிழமை காலை ஒரு இளம்பெண் தன் கைக்குழந்தைக்கு ஊசி போட வந்தாள். அப்பா கட்டம் காலி. திரையில் ஒரு பெட்டி எழுந்தது: 'அப்பா இல்லையா? கவலை வேண்டாம்! எங்கள் நெல்வாவின் அம்மா செய்ததுபோல அம்மா பெயரையே இரண்டு முறை போடுங்கள்.'

பின்னால் நின்ற நர்ஸ் சிரித்தாள். "அடியே, அந்தத் தூரத்துச் சொந்தம் எங்கடி போச்சு?"

நெல்வா மார்லோனின் அறைக்குள் பாய்ந்தாள். "அதை எடுடா!"

"உனக்குப் பெருமைதானே? பெரிய டாக்டருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, எனக்குப் பாராட்டுக் கடிதமே குடுத்துட்டாரு. இந்தப் பக்கத்து ஏழு சுகாதார நிலையத்துக்கும் அனுப்பியாச்சு, இனிமே எப்படி எடுக்கறது?"

 

நெல்வா தன் மேஜைக்குத் திரும்பி வந்தபோது அந்தப் பெண் அதே இடத்தில் நின்றிருந்தாள். "என்னக்கா சொல்லுது? நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"நீ ஒண்ணும் தப்பு பண்ணலம்மா."

பெட்டி நகரவில்லை. அதை மூட ஒரே ஒரு பொத்தான்தான் மார்லோன் வைத்திருந்தான்: 'சரி'. குழந்தை சிணுங்கியது. நெல்வா அழுத்தினாள். அன்று மாலைக்குள் பதினான்கு தடவை அழுத்தினாள்.