ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பதிவு

ஸ்டீபன் அண்ணன் இன்று காலை போய்விட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே...

இதை, சிறு வியாபாரிகளுக்காக அவர் நடத்திய ‘கடைத்தெரு’ பேஸ்புக் குரூப்பில்தான் முதலில் போட்டேன். ‘அட்மின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்று வந்தது.

அட்மின் அவர் ஒருவர்தான். போன் பூட்டியிருக்கிறது. பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது.

அதனால் இங்கே, என் பக்கத்தில் எழுதுகிறேன். குரூப்பில் இருப்பவர்கள் பார்த்தால், தெரிந்த கடைக்காரர்களுக்குச் சொல்லுங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்கு... கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மொபைல் கடைக்கு மேல் அவருடைய சின்ன அறை. ‘ஆன்லைன் மார்க்கெட்டிங் ஆலோசகர்’ என்று போர்டு. எம்.ஏ. முடித்துவிட்டு அங்கே நான் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன்.

போர்டைப் பார்த்து முதன்முதலில் மேலே ஏறி வந்தவர் கேட்டது நினைவிருக்கிறது.

“சார், இங்க ஆதார்ல பேரு திருத்துவாங்களா?”

“இல்லிங்க. படி ஏறி வந்துட்டீங்க, ஒக்காருங்க. இன்னா தொழில் பண்றீங்க?”

அவர் கச்சிராயபாளையத்தில் வெல்லம் காய்ச்சுகிறவர். சாயங்காலத்துக்குள் அந்த வெல்லத்துக்கு ஒரு பேஸ்புக் பக்கம் தொடங்கிக் கொடுத்துவிட்டார் அண்ணன். ஆதாரில் பெயர் மட்டும் தப்பாகவே இருந்தது.

வெல்லத்துக்கு நான் எழுதிய வாசகம்: ‘ஆலைப் புகை. அந்தி. ஒரு துண்டு மௌனம்.’

அண்ணன் அதைத் திரையில் வாய்விட்டுப் படித்தார்.

“மௌனத்த எப்பிடிம்மா எட போடறது? கிலோ இன்னா வெலைன்னு எழுது.”

குரூப்புக்கு அவர் வைத்த விதி ஒன்றுதான். உங்கள் சரக்கைப் பற்றிச் சொல்வதற்கு முன், இன்னொருவர் கடையைப் பற்றி நல்லதாக ஒரு வரி. அது இல்லாவிட்டால் ஒப்புதல் கிடையாது.

அதற்காகவே ஒவ்வொரு பதிவையும் அவரே படித்தார். என்னையும் அட்மின் ஆக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

“நீ எரக்கப்பட்டு உட்டுருவ.”

கல்வராயன் மலையிலிருந்து சின்னம்மாள் வந்தார், சாமை விற்க. அவரிடமும் விதியைச் சொன்னோம்.

“எனக்கு எந்தக் கடையத் தெரியும்? பஸ்ஸுல எறங்குறேன், விக்கிறேன், ஏறிப் போயிடறேன்.”

“அப்ப பஸ்ஸப் பத்திச் சொல்லுங்க.”

சின்னம்மாள் யோசித்தார். “கண்டக்டரு சேகரு நல்லவரு. மூட்டைய ஏத்துனா மொகம் சுளிக்க மாட்டாரு.”

அதை அப்படியே தட்டினேன். கீழே சாமை. அண்ணன் உடனே ஒப்புதல் கொடுத்தார்.

கண்டக்டர் எப்படிண்ணா கடையாவார் என்று கேட்டேன். “போட்டாச்சு, உடு” என்றார்.

அவர் மனைவி மேரி அண்ணிக்கு இந்த குரூப் என்றாலே கேலி. சாப்பிடும்போதும் இவர் கையில் போன் இருக்கும்.

“இவ்ளோ பேர சேத்து வச்சிக்கினு இருக்கீங்களே... உங்களுக்கு ஒன்னுன்னா எவன் வரான்னு பாக்கறேன்.”

“வருவாங்க மேரி. கொழம்ப ஊத்து.”

இன்று மத்தியானம் அண்ணி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “குரூப்புல போட்டியா பாப்பா? இன்னா சொல்றாங்க?”

போனைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாசலில் வாடகை நாற்காலிகள். பெரும்பாலும் காலி.

வியாபாரிகளில் என்னிடம் எண் இருந்தது சின்னம்மாளுடையது மட்டும்தான். அவருக்குக் காலையிலேயே சொல்லியிருந்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு காக்கிச் சட்டையில் ஒருவர் வந்து நின்றார். தோளில் பணப்பை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அண்ணன் தலைமாட்டுக்குப் போனார். கும்பிட்டார்.

“நீங்க குரூப்புல இருக்கீங்களா?” அண்ணிதான் கேட்டார்.

“இல்லிங்க. எங்கிட்ட பட்டன் போனுதான். என்னப் பத்தி ஒரு வாட்டி போட்டாராம். அப்பலேர்ந்து பஸ்ஸுல ஏறுறவங்கல்லாம் என்ன பேரு சொல்லிக் கூப்புடறாங்க.”

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“சின்னம்மா அழுதுகினே சொன்னாங்க. வர்ற வழியில ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு சொல்லிக்கினு வந்தேன். வெல்லக்காரரு, தையக் கடைக்காரம்மா எல்லாம் கெளம்பிட்டாங்க. அடுத்த டிரிப்புல வருவாங்க.”

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், “நாற்காலி பத்தாது பாப்பா” என்றார்.

விதியை மறக்கவில்லை அண்ணா. முதலில் இன்னொருவர்.

மலை பஸ் கண்டக்டர் சேகர். மூட்டை ஏற்றினால் முகம் சுளிக்க மாட்டார். சேதி சொன்னால் வழியெல்லாம் சேர்ப்பார்.

இனி என்னுடையது. நாளை காலை பத்து மணிக்கு வீட்டில் ஜெபம். சங்கராபுரம் ரோட்டு வீடு. அங்கிருந்து கல்லறைத் தோட்டம். வாருங்கள்.

போய்ட்டு வாங்கண்ணா...