விரல் நீளக் கேபிள்

என் மகளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயதில் அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை செய்து தலைக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மிஷின், அதற்கு மேலே தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டமான காயில். இரண்டையும் இணைப்பது ஒரு விரல் நீளக் கேபிள். அது அறுந்தால் அவளுக்கு எதுவும் கேட்காது. அது பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அறுந்தது.

மிஷினோடு பெட்டியில் வந்த உபரிக் கேபிளை தை மாதமே எடுத்துப் போட்டாயிற்று. இனி வாங்கத்தான் வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, தில்லைநகரில் மிஷினைச் செய்த கம்பெனிக்காகச் செயல்படும் கிளினிக்குக்குப் போனோம். பஸ் பாலத்தில் ஏறும்போதெல்லாம் மகள் “ஆறு, ஆறு” என்று கத்துவாள். அவளுடைய இருபது சொற்களில் அதுவும் ஒன்று. அன்று ஜன்னல் வழியே பார்த்தபடி வாயைத் திறக்காமல் வந்தாள்.

கிளினிக்கில் இருந்த பெண் என்னைவிடச் சின்னவள். கேபிளை வாங்கி வளைத்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

“எண்ணெய் தடவுவீங்களா மேடம்?”

“வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பாட்டுவேன். அப்போ மிஷினைக் கழட்டி வெச்சிடுவேன். மத்த நாள் லேசா தேங்காயெண்ணெய் தடவி சீவுவேன், அவ்வளவுதான்.”

“அந்த எண்ணெய்ல ரப்பர் உப்பி விட்டுப் போயிருக்கு மேடம். இது வாரண்டில வராது.”

மிஷினோடு வந்த சிறு புத்தகத்தை நான் இரண்டு முறை படித்தவள். பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஈரம் படக்கூடாது என்று இருந்தது. வியர்வை, மழை, குளியல் எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டேன். தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னுவதில் ஆபத்து இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியவர்களுக்கும் தோன்றியிருக்காது. அவர்கள் ஊரில் யார் பிள்ளைக்கு எண்ணெய் வைக்கிறார்கள்?

“சரி, விலைக்கே வாங்கிக்கிறோம்” என்றார் என் கணவர்.

“இந்த மாடலை நிறுத்திட்டாங்க சார். ஸ்டாக் இல்ல. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும். ஆறு வாரம் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். புது மாடல் மிஷினுக்கு மாறிட்டீங்கன்னா இந்தப் பிரச்சினையே இருக்காது.”

புது மாடலின் விலையைக் கேட்டதும் அவர் மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எட்டு வாரம் என்பது மற்றவர்களுக்கு இரண்டு மாதம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார்: “ஒரு நாள்கூட சத்தம் இல்லாம விட்டுடாதீங்கம்மா. இவ பேச்சுல மத்த பிள்ளைங்களைத் துரத்திப் பிடிச்சுக்கிட்டு இருக்கா.” ஜூனில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில், எல்லாப் பிள்ளைகளோடும் சேர்க்கப்போகிறோம். அதற்குள் அவள் வாக்கியமாகப் பேச வேண்டும். அப்போதுதான் “அம்மா தண்ணி”, “அப்பா வா” என்று இரண்டு சொற்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தாள்.

கணவர் துவாக்குடியில் ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அங்கே ஒருவர் சொல்லி, அரியமங்கலத்தில் ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தோம். மோட்டார் காயில் கட்டுபவர். மருத்துவமனைக் கருவிகளின் வயர்களையும் சரிசெய்வாராம். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கேபிளைப் புரட்டிப் பார்த்தார்.

“வயரு ஒண்ணும் பெரிய விஷயமில்ல தங்கச்சி. உள்ள மூணு இழை, முடியவிட மெல்லிசு, அவ்வளவுதான். ஆனா முனையில இருக்கற இந்தப் பின்னைப் பாருங்க. ஒரு ஓரத்தை வேணும்னே சாய்ச்சு செஞ்சிருக்கான். எந்தக் கடையில தேடினாலும் இது கிடைக்காது.”

“ஏண்ணே அப்படி?”

“வேற எவனும் செஞ்சு விக்கக் கூடாதுல்ல? அதுக்குத்தான். இது நல்லா தெரிஞ்சவன் பண்ண வேலை.” திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

பழைய பின்னையே வைத்து, அறுந்த இடத்தில் இழைகளைச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே ஒரு கறுப்புக் குழாயைச் சுருக்கி மூடினார். மாட்டியதும் மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் நின்று அவள் பெயரைச் சொன்னேன். திரும்பினாள். பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம் வந்ததும் முகத்தைச் சுளித்தாள். கணவர் பட்டறைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. அந்தக் கேபிளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சூடாகிறதா என்று. தலைக்குள் இருக்கும் கருவிக்குத் தவறான மின்சாரம் போனால் என்ன ஆகும்? மறுநாள் பயிற்சிக்குப் போனபோது ஆசிரியையிடம் மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவர் கேபிளைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். “கம்பெனி பார்ட் இல்லாம போடாதீங்கம்மா. ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல.” அன்று மாலையே கழற்றி வைத்தேன். கணவர் “கேட்டுக்கிட்டு இருந்தவளை” என்று மட்டும் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகுதான் நான் அந்தப் பதிவை எழுதினேன்.

தொழில்நுட்பம் பற்றித் தமிழில் விவாதிக்கும் ஒரு இணையக் குழுவில் கல்லூரி நாட்களிலிருந்து உறுப்பினராக இருக்கிறேன். அதில் அதுவரை நான் ஒரு வரி எழுதியதில்லை. நடந்ததையெல்லாம் எழுதி, பற்றவைத்த கேபிளின் படத்தையும் போட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த மாடல் கேபிள் யாரிடமாவது இருக்கிறதா?

முதல் ஒரு மணி நேரத்தில் நாற்பது பதில்கள். ஒருவர்கூட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

“இதுதான் கார்ப்பரேட் கொள்ளை. குழந்தையின் காதைப் பணயம் வைத்து வியாபாரம்” என்று ஒருவர் தொடங்கினார். தன் படத்துக்குக் கீழே எப்போதும் சிவப்பு எழுத்தில் ஒரு முழக்கம் எழுதிவைத்திருப்பவர். “வயருக்குப் பேட்டன்ட், உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு காப்பிரைட். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள் உங்களுடையதே இல்லை தோழர்” என்றார் இன்னொருவர். அதற்குக் கீழே ஒருவர், விவசாயியே ரிப்பேர் செய்ய முடியாத டிராக்டரைப் பற்றி எழுதினார். மற்றொருவர் மருந்து விலையைப் பற்றி. பிரிண்டர் மை பற்றி ஒரு சண்டை தனியாக ஓடியது. “பற்றவைத்திருப்பதைப் பார்த்தால் படம் சந்தேகமாக இருக்கிறது” என்று ஒருவர். “எண்ணெய் தடவிவிட்டு கம்பெனியைக் குறை சொல்வது என்ன நியாயம்? படித்தவர்கள்தானே?” என்று ஒரு பெண். அதற்கு மட்டும் நிறைய கைதட்டல்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். படித்தவள் என்பதை நிரூபிக்கவே பாதி நேரம் போயிற்று.

ஒருவர் மட்டும் மிகப் பொறுமையாக, எண் போட்டது போல எழுதினார். பேட்டன்ட் என்ற பாதுகாப்பு இல்லாவிட்டால் எந்த கம்பெனியும் இத்தனை வருடம் உழைத்து இப்படி ஒரு கருவியைச் செய்திருக்காது என்றார். “அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் உங்கள் மகள் ஒரு சொல்லைக்கூடக் கேட்டிருக்க மாட்டாள் சகோதரி. அதையும் நினைத்துப் பாருங்கள்.”

அந்த ஆளின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. பதில் எழுதி எழுதி அழித்தேன். ஏனென்றால் அது உண்மை. முதன்முதலில் மிஷினை ஆன் செய்த அன்று, ஸ்டீல் டம்ளரை ஸ்பூனால் தட்டியபோது அவள் கண் விரிந்ததைப் பார்த்தவள் நான். அன்று அந்தக் கம்பெனிக்காக சாமியிடம் வேண்டிக்கொண்டேன். கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்வதற்கும், அறுந்த கேபிளுக்கு எட்டு வாரம் காத்திரு என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் நினைத்தேன். வரிகள் சரியாக அமையவில்லை. அமைவதற்குள் அவருக்குக் கீழே முப்பது பேர் வந்து அவரைக் கூலிக்கு எழுதுபவர் என்று திட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

இப்படி நான்கு நாட்கள். சமையலறை மேடையில் ஃபோன். துணி மடிக்கும்போது ஃபோன். நான்காம் நாள் மதியம், ‘படித்தவர்கள்தானே’ என்ற அந்தப் பெண்ணுக்கு நீளமாக ஒரு பதில் எழுதிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தது. “இரு” என்றேன். அவளுக்கு எப்படிக் கேட்கும்? என் முழங்கையைத் தட்டினாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு இரண்டு கைகளாலும் என் தாடையைப் பிடித்து, தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதாவது சொல்வேன் என்று. அவள் வாய் அசையவில்லை. தண்ணி என்ற சொல்லை விட்டுவிட்டு குடத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

பேச்சு வருவதற்கு முன்னால் அவள் அப்படித்தான் கை காட்டுவாள். எந்த ஊர் என்றுகூடத் தெரியாத யாரோ ஒரு பெண்ணிடம் நான் நல்ல தாய் என்று வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் அது திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் காலை சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒரு பெண் குரல்.

“உங்க பதிவைப் பார்த்தோம் மேடம். பாப்பா எப்படி இருக்காங்க?”

அந்த ஐந்து நாட்களில் வெளியாட்கள் எவரும் கேட்காத கேள்வி அது.

“கேபிளை உடனே அனுப்பறோம் மேடம். வாரண்டில இல்லாட்டியும் எங்க நல்லெண்ணத்துல அனுப்பறோம். ஒரே ஒரு ரிக்வெஸ்ட், அந்தப் பதிவை மட்டும் எடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும். வெளியில சரிசெஞ்ச பார்ட்டோட படம் இருக்கு பாருங்க, மத்த பேரண்ட்ஸ் அதைப் பார்த்து அதே மாதிரி பண்ணிட்டா ஆபத்து இல்லையா?”

“ஸ்டாக் இல்லன்னு சொன்னாங்களே?”

“அதை நாங்க பார்த்துக்கறோம் மேடம்.”

கணவரிடம் ஃபோனில் சொன்னேன். “அழிச்சிடு” என்றார். தொழிற்சாலைச் சத்தத்துக்கு நடுவே கத்திச் சொன்னார். “உனக்கு நியாயம் வேணுமா, கேபிள் வேணுமா?”

“ரெண்டும் வேணும்னு கேட்கக் கூடாதா?”

“கேளு. கேபிள் வந்த பிறகு கேளு.”

அழித்தேன். மூன்றாம் நாள் கூரியரில் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. உறையின் மேல் அனுப்பிய இடம் சென்னை என்றே இருந்தது. வெளிநாடும் இல்லை, எட்டு வாரமும் இல்லை. கேபிள் எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. மாட்டியதும் மகள் “ஆ” என்று ஒரு சத்தம் போட்டு, தன் குரலைத் தானே கேட்டு மறுபடியும் போட்டாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனால் கோபமும் இருந்தது. பயந்து பயந்து கழற்றி வைத்த ஒவ்வொரு நாளும் அவளிடமிருந்து எடுத்த நாள். என்னால் பாதி, அவர்களால் பாதி.

சிவப்பில் எழுதுபவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். “ஒரு வயருக்கு விலை போய்விட்டீர்களே தோழர்.” அவருக்கு நான் பதில் எழுதவில்லை.

அதற்குக் கீழே இன்னொரு செய்தி. ஒரு பெண், திருவெள்ளறை பக்கம் ஒரு கிராமம் என்று சொல்லியிருந்தாள். விவசாயக் குடும்பம். கூடவே அவளுடைய மூன்று வயதுப் பையனின் காது மிஷின் படம். “அக்கா, உங்க போஸ்ட்டைக் காணோம். அரியமங்கலம் கடை அட்ரஸ் வேணும். எங்க பையனுக்கும் இதே கேபிள்தான். ஒரு மாசமா மிஷின் டப்பாவுக்குள்ள இருக்கு. கிளினிக்ல ஸ்டாக் இல்லங்கறாங்க.”

எனக்கு வந்த உபரிக் கேபிளைக் கொடுத்துவிடலாம் என்று உடனே தோன்றியது. அடுத்த நொடியே, இது அறுந்தால் என்ன செய்வேன் என்று பயம் வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் கொடுக்க முடியவில்லை. அரியமங்கலத்துக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. என் பிள்ளைக்குக் கழற்றியதை அவள் பிள்ளைக்கு எப்படிப் போடச் சொல்வது?

அவளை ஃபோனில் கூப்பிட்டேன். “அட்ரஸ் வேணாம்மா. நீங்களும் ஒரு பதிவு போடுங்க. கம்பெனி பேரோட போடுங்க. பட்டறை, ரிப்பேர் எதுவும் எழுதாதீங்க. கிளினிக்ல சொன்னதை அப்படியே எழுதுங்க. அவங்களே கூப்பிடுவாங்க.”

“எனக்கு அப்படியெல்லாம் எழுத வராதுக்கா.”

“நான் எழுதித் தரேன். நீங்க உங்க பேருல போடுங்க.”

பின்னால் ஒரு ஆடு கத்தியது.

“போட்டா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களாக்கா? காலம் பூரா அவங்ககிட்டதானே போய் நிக்கணும்? நாளைக்கு மிஷினே ரிப்பேரானா நம்மளைப் பார்த்துக்குவாங்களா?”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தலைக்குள் இருப்பது அவர்கள் செய்த கருவி. அதை மாற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போக முடியாது. “ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா” என்று, தெரிந்தவள் போலச் சொன்னேன். அன்று மதியமே அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான்கு முறை திருத்தினேன். அனுப்பினேன்.

அவள் அதைப் படித்துவிட்டதாக ஃபோன் காட்டியது. மூன்று நாளாகக் குழுவில் தேடிப் பார்க்கிறேன். இன்னும் போடவில்லை.