ஆயுத பூஜையன்று ஓடிய மேகம்

ஆயுத பூஜையன்று எங்கள் கொருக்குப்பேட்டை வீட்டில் எந்த மிஷினும் ஓடக் கூடாது. அப்பா பட்டறையில் ஃபிட்டர். ஒரு வருஷம் அவசர வேலை என்று அந்த நாளில் லேத் மிஷினை ஓட்டிய அவருடைய தோஸ்துக்கு இரண்டு விரல் போனது. அதிலிருந்து மிக்ஸி, தையல் மிஷின் எல்லாம் அன்றைக்குப் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

என் கம்ப்யூட்டர் மட்டும் நான்கு நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிப் படிப்புக்காக நான் எழுதிய புரோகிராம். மேகத்துக்குள் வெயிலை ஒவ்வொரு கதிராக விடும். நீர்த்துளியில் முட்டிய கதிர் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒவ்வொரு முறையும் தாயம் உருட்டிப் பார்க்கும். லட்சக்கணக்கான கதிர்களை விட்டால்தான் எவ்வளவு வெயில் தரைக்கு வரும் என்று தெரியும். அன்று சாயங்காலம் கணக்கு முடிந்துவிடும். மறுநாள் அந்த முடிவு கைடு கையில் இல்லாவிட்டால் ஒரு வருஷம் வீண். நடுவில் அணைத்தால் எல்லாம் போச்சு. வந்தவரை சேமித்து வைக்கும் நாலு வரியை எழுதச் சோம்பல்பட்ட மகராசி நான்தான்.

"நிறுத்திட்டியா?" என்று அப்பா கேட்டார்.

"நிறுத்திட்டேம்பா" என்றேன். திரையை மட்டும்தான் அணைத்திருந்தேன். பெட்டிக்குள் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போனதால் பிழைத்தேன். பூஜை முடியும்வரை வண்டி தீர்ந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சாமியையே திருட்டுக்குக் கூட்டுச் சேர்த்தேன்.

அப்பா பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். சாமந்திச் சரம் சாத்தினார். பிறகு மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பதுபோல உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. சத்தத்தை மறைக்கலாம், அதிர்வை ஒரு ஃபிட்டரிடம் மறைக்க முடியுமா?

"ஓடிகினு கீதே."

"நிறுத்தினா ஒரு வருஷம் போய்டும்பா."

சுவிட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பூச்சரத்தை எடுத்துவிட்டார். "ஓடுறத்துக்குப் பூஜ கெடையாது" என்றார். நாற்காலியை இழுத்து எனக்கும் பெட்டிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். "நீ தூரமா குந்து. கிட்ட வராத."

"அது யாரையும் ஒண்ணும் பண்ணாதுப்பா."

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. சோற்றையும் அங்கேயே வாங்கிச் சாப்பிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பொய் சொன்ன வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. இதிலெல்லாம் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கணக்கு முடிகிறவரை, அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.