ஜன்னலுக்குக் கீழே ஒரு மலை லாரல்

என் அக்கா நோவெல்லாவின் கணவர் ஹோபர்ட் வாயைத் திறந்து நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. சுடச்சுடச் சோளரொட்டியும் பீன்ஸும் வைத்தால் தட்டை வழித்துவிட்டு எழுந்து போவார். நன்றாக இருந்ததா என்று அக்கா கேட்டால், "தின்னுட்டேன்ல?" என்பார். அதுதான் பாராட்டு. ரோடு போடும் வேலையில் பாறைக்கு வெடி வைத்து வைத்துக் காது மந்தமாகிவிட்டதும் அவருக்கு வசதியாகப் போயிற்று.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. எது வேண்டுமென்றும் கேட்க மாட்டாள். மலைமேலே எங்கள் அப்பா வீட்டுச் சரிவு முழுக்க மலை லாரல் புதர்தான். மே கடைசியில் வெள்ளையும் வெளிர் சிவப்புமாகப் பூத்து இலையையே மறைத்துவிடும். கீழே ஓடைக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் அவள் ஏங்கியது அந்தப் பூவுக்கு மட்டும்தான். அதையும் என்னிடம்தான் சொன்னாள். எப்படியோ அவர் காதிலும் விழுந்திருக்கிறது. ஒரு நாள் வேர்மண்ணோடு ஒரு புதரைத் தோண்டி டிரக்கில் கொண்டுவந்தார். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நட்டார். கை கழுவப் போய்விட்டார். அடுத்த வசந்தத்தில் அது பூத்தபோது அக்கா ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

பிறகு இதய நோய் வந்து அவள் படுத்த படுக்கையானாள். அந்தக் குளிர்காலத்தில் ஹோபர்ட் தினமும் காலையில் அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிப் போய்ப் புதரடியில் கொட்டத் தொடங்கினார். முட்டைக்கோஸுக்கும் பீன்ஸுக்கும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் போடுவதுதான். ஆனால் லாரலுக்குப் புளிப்பு மண் வேண்டும். சாம்பல் அந்தப் புளிப்பை முறித்துவிடும். இலைகள் மஞ்சளித்தன. அவர் பயந்துபோய் இன்னும் அதிகமாகக் கொட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் சொல்லட்டுமா என்று அக்காவைக் கேட்டேன்.

"வாயத் தொறந்த, கொன்னுடுவேன்," என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "கொட்டிட்டு நிமிந்து, நான் பாக்குறனான்னு ஜன்னலப் பாக்குறாருடி. இத்தன வருஷத்துல இப்பத்தான் என்னப் பாக்குறாரு. செடி போனாப் போவட்டும்."

பூக்கும் பருவம் வருமுன்பே அக்கா போய்விட்டாள். செடியும் கருகிவிட்டது.

மறு வருஷம் கல்லறைகளை அலங்கரிக்கும் ஞாயிறு வந்தது. அவரவர் தோட்டத்துப் பூவைத்தான் அன்று கொண்டுபோய் வைப்போம். ஹோபர்ட் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ரோஜாவை வைத்துவிட்டு, தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

வேறொரு புதரைத் தோண்டி அதே இடத்தில் நட்டிருக்கிறாராம், அவரே சொன்னார். போன தடவை சாம்பல் போடத் தாமதமாகிவிட்டதாம். இந்த முறை ஆரம்பத்திலிருந்தே போடப்போகிறாராம். நோவெல்லாவுக்கு அவள் பூவையே கொண்டுவந்துவிடுவாராம். அதற்குமேல் நான் எப்படிச் சும்மா இருப்பது? காதருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன். செடியைக் கொன்றது சாம்பல்தான் என்றும், அக்காவுக்கு அது முதலிலேயே தெரியும் என்றும், அவள் ஏன் தடுக்கவில்லை என்றும் சொல்லி முடித்தேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே," என்றார்.

"நிறுத்திட்டு, சும்மா நின்னு ஜன்னலப் பாத்திருப்பீங்களா அத்தான்?"

யோசித்தார். அந்த மனிதர் பொய் சொல்லியும் நான் கேட்டதில்லை.

"மாட்டேன்," என்றார்.